கொப்பரை யாருக்காகவும் காத்திருக்காது: மறையூர், காந்தளூரில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு

உடுமலையிலிருந்து மூணாறு போகிறவர்கள் பெரும்பாலும் மறையூரில் ஒரு டீ குடிப்பார்கள், ரோட்டோரக் கடையில் இரண்டு கிலோ உருண்டை வெல்லம் வாங்குவார்கள், வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் ஜீப்காரரிடம் சொல்லி வெல்லம் காய்ச்சும் ஒரு கரும்பாலைக் கொட்டகையில் அரை மணி நேரம் நிற்பார்கள். அந்த அரை மணியில் தெரிவது ஆவி, புகை, ஒரு தம்ளர் கரும்புச்சாறு. அவ்வளவுதான். கரும்புச்சாறு காய்ச்சும் பெரிய பாத்திரம்தான் கொப்பரை. அது ஒருமுறை அடுப்பேறி இறங்க மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். அதில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று அழுக்கு எடுக்கும் முதல் அரை மணி, மற்றது பாகு இறங்கும் கடைசி இருபது நிமிடம். ஜீப் பயணத்தில் இரண்டுமே தப்பிப்போகும்.

ஆகவே கையால் வேலை செய்து பார்க்க வேண்டும் என்று இந்தப் பக்கம் வருகிறவர்கள், ஊர் சுற்றும் திட்டத்துக்குள் ஆலையைச் செருகக் கூடாது. ஆலையின் நேரத்தை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மற்றதை அதைச் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

போகும் முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வது நல்லது. மலையாளத்தில் 'சர்க்கர' என்றால் வெல்லம். நாம் சொல்லும் சர்க்கரை அங்கே 'பஞ்சசார'. மறையூரில் பலருக்கும் வீட்டுப்பேச்சு தமிழ்தான் என்றாலும் பலகைகளும் விலைப்பட்டியலும் மலையாளத்தில்தான் இருக்கும். 'மறையூர் சர்க்கர' என்று எழுதியிருந்தால் சீனி மூட்டை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தச் சர்க்கரைதான் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இங்குள்ள குடிகள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கேரளத்து ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. அஞ்சுநாட்டுத் தண்ணீர் பாம்பாற்றில் இறங்கி அமராவதி அணைக்குப் போகிறது. மறையூர்க் கரும்பு வேண்டியது போக மிச்சத் தண்ணீர்தான் கீழே நம் உடுமலைக் கரும்புக்கும் வருகிறது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. மேற்கு மலைகள் தென்மேற்குப் பருவமழையை மறித்துவிடுவதால் இது மழை மறைவுப் பகுதி. பக்கத்துச் சின்னாறு காட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 48 நாள்தான் மழை. மூணாறு நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே கரும்புச் சக்கை வெயிலில் காயும். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம், குளிர்ந்த இரவு, வெயில் உள்ள பகல், மலையோடை வாய்க்கால் தண்ணீர். இவை கூடியதால்தான் இங்கே கரும்பு. சர்க்கரை ஆலை எதுவும் கரும்பை இழுக்காததால் அத்தனையும் கொட்டகைக்கே வருகிறது. வெட்டுக்கும் தனிப் பருவம் கிடையாது. ஒரு வயல் முதிர முதிர அது வெட்டப்படுவதால், வருடம் முழுக்க எங்காவது ஒரு கொட்டகையில் புகை இருக்கும்.

முந்தின நாளே மறையூரில் தங்கிவிடுவது நல்லது. சின்னாறு காட்டுவழியில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. யானை நடமாடும் பாதை அது. காலையில் உடுமலையில் கிளம்பி ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி வந்து சேர்வதற்குள் முதல் கொப்பரை பாதி கொதித்திருக்கும். தங்கும் இடத்தில் இருந்தே ஆலைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கரும்பு எப்போது வெட்டியது? முதல் அடுப்பு எத்தனை மணிக்கு? நாளைக்கு எத்தனை கொப்பரை? முதல் கேள்விக்கு "முந்தாநாள்" என்று பதில் வந்தால் வேறு கொட்டகை பாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இரண்டு கொப்பரை ஓடும் நாள்தான் தோது. முதலாவதைப் பார்க்கலாம், இரண்டாவதில் கை வைக்கலாம்.

உடுப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு. கரும்புச் சோகையின், அதாவது இலையின், ஓரம் அறுக்கும், இலையுறையின் சுணை கழுத்தில் பட்டால் மாலை வரை அரிக்கும். வெட்டிய தூரின் முனை ஈட்டி மாதிரி நிற்கும், ரப்பர்ச் செருப்பைத் துளைத்துவிடும். நைலான் துணி அடுப்புப் பக்கம் ஆகாது. துப்பட்டா, தொங்கும் துண்டு, கழுத்தில் மாட்டிய கேமரா நாடா எதுவும் பிழியும் எந்திரத்தின் பக்கமே வரக் கூடாது.

வயலில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்காதீர்கள். வெல்லத்தின் பாதி தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. முதிர்ந்த கரும்பை அறிய, சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் தண்டின் அடியில் ஒரு சொட்டு, நுனிப் பக்கம் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். அடி 18, 20 காட்டும்போது நுனியும் அதை நெருங்கினால் வெட்டலாம். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் பல் இருக்கிறது. நுனிக்கணு உப்புக்கரித்து, சப்பென்று இருந்தால் முதிரவில்லை. ரொம்ப நாள் விட்டுப் பூவெடுத்த கரும்பும் ஆகாது. உள்ளே நெட்டி விழுந்து சாறு குறையும்.

வெட்டரிவாளை மண்ணோடு ஒட்டி இறக்க வேண்டும். புதிதாகக் கை வைப்பவர்கள் முழங்கால் உயரத்தில் வெட்டுவார்கள். குனிய வலிக்கும், அதனால்தான். அதில் நஷ்டம் இரண்டு. சர்க்கரைச் சத்து அதிகம் உள்ள அடிக்கணு வயலிலேயே நின்றுவிடும். வெட்டிய தூரிலிருந்து மறுபடி தழையும் மறுதாம்பு, மண்ணுக்கு மேலே உள்ள பருவிலிருந்து முளைக்கும், வேர் பிடிக்காது, காற்றடித்தால் சாயும். மறுதாம்பு இங்கே சின்ன விஷயம் இல்லை. ஒரு ஏக்கருக்குப் புதிதாக நட ஏறக்குறைய 30,000 கரணை, அதாவது இரண்டு பரு உள்ள கரும்புத் துண்டு, வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க மறையூர்க்காரர்கள் ஒரு நடவை வருடக்கணக்கில் மறுதாம்பாகவே ஓட்டுவார்கள். வெட்டி முடித்ததும் தூரை மண்மட்டத்துக்குச் சீவிவிட்டு, சோகையை வரிசைகளுக்கு நடுவில் பரப்பினால் ஈரம் தங்கும். காட்டோரத்தில் சோகையைக் கொளுத்துவது எப்போதும் மோசமான யோசனை. மறுதாம்பை இழுத்துக்கொண்டே போவதில் ஓர் ஆபத்தும் உண்டு. செவ்வழுகல் நோய் வந்த தூர் இருந்தால் அது அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டு தெரிந்து, சாராய வாடை அடித்தால் அதுதான். அந்தத் தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். அந்தக் கரும்பு கொப்பரைக்கும் போகக் கூடாது.

வெட்டிய தண்டில் மேல்கணு இரண்டு மூன்றையும் கொழுந்தையும் கழித்துவிட வேண்டும். கொழுந்து மாட்டுக்கு. கணுவைச் சேர்த்துப் பிழிந்தால் எடை கூடும், வெல்லம் இறுகாது. அங்கே இருப்பது கரும்புச் சர்க்கரையாக மாறாத குளுக்கோஸ், பிரக்டோஸ். இதே காரணத்தால்தான் முந்தாநாள் வெட்டிய கரும்பு ஆகாது என்றது. வெட்டிய பிறகு தண்டுக்குள்ளேயே சர்க்கரை உடையத் தொடங்கும். வெயிலில் கிடந்தால் இன்னும் வேகமாக. 24 மணி நேரத்துக்குள் பிழிந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் எப்படிக் காய்ச்சினாலும் உருண்டை இளகும், கோணியோடு ஒட்டும்.

"கரும்பு தின்னக் கூலியா" என்று பழமொழி உண்டு. இங்கே கரும்பு வெட்ட நீங்கள் கூலி கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். சரியானதும் அதுதான். நீங்கள் ஒரு தூரை வெட்டும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பத்தை முடித்திருப்பார். அவர் உங்களுக்காக நிறுத்திய நேரத்துக்கு விலை உண்டு. பேரம் பேசாதீர்கள்.

இனி கொட்டகை. மூன்று உருளை எந்திரம் ஒரு டன் கரும்பிலிருந்து 600 முதல் 650 கிலோ சாறு எடுக்கும். அதிலிருந்து கிடைக்கும் வெல்லம் ஏறக்குறைய 100 கிலோ. 1,000 லிட்டர் சாறு ஏற்றும் கொப்பரை என்றால் ஒன்றரை டன்னுக்கு மேல் கரும்பு வேண்டும். இறங்கும்போது 160 முதல் 190 கிலோ வெல்லம். இடைப்பட்ட எண்ணூற்றுச் சொச்சம் லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். அந்த ஆவியைத்தான் சுற்றுலாப் படங்களில் பார்க்கிறீர்கள். எந்திரத்தில் கரும்பு கொடுக்கும் வேலையை மட்டும் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். கையை இழுத்தால் நிறுத்துவதற்குள் முடிந்துவிடும். கொடுப்பவருக்குப் பின்னால் நின்று, சக்கை வெளியேறும் பக்கம் வேலை கேளுங்கள். வெளிவரும் சக்கையை எடுத்துப் பிழிந்து பாருங்கள். கை நனைந்தால் உருளை இடைவெளி தளர்ந்திருக்கிறது, சாறு அடுப்புக்குப் போகிறது என்று பொருள். அந்தச் சக்கையைக் களத்தில் பரப்பிக் காய வைக்கும் வேலை சுலபமாகத் தெரியும். ஆனால் நாளைய அடுப்பு அதை நம்பித்தான் இருக்கிறது. அரைகுறையாய்க் காய்ந்த சக்கை புகையும். தீ எகிறாது. கொதி நீளும். கொதி நீண்டால் வெல்லம் கறுக்கும்.

சாறு வடிகட்டி வழியே கொப்பரைக்கு வந்ததும் தீயைக் குறைத்து வைக்க வேண்டும். இது பொறுமையின் கட்டம். சாறு 80, 85 டிகிரியைத் தொடும்போது பச்சைக் கறுப்பு நுரை ஒரு போர்வை மாதிரி மேலே திரளும். மண், மெழுகு, புரதம், நார்த்தூள் எல்லாம் அதில். இந்தப் போர்வை கிழியும் முன், அதாவது முதல் கொதி உடையும் முன், ஓட்டை அகப்பையால் ஓரத்துக்கு ஒதுக்கி வழித்தெடுக்க வேண்டும். தீ அதிகமாகிக் கொதி முந்திக்கொண்டால் அழுக்கு சாற்றுக்குள்ளேயே மடிந்து கலந்துவிடும். பிறகு எத்தனை தரம் வழித்தாலும் வெல்லம் கலங்கலாகவே இருக்கும், நாக்கில் மணல் மாதிரி நெருடும். விருந்தாளிகளுக்கு நம்பிக் கொடுக்கக்கூடிய வேலை இது. செய்து பார்த்தால் தோள் நொந்துபோகும்.

அடுத்தது சுண்ணாம்பு. பிழிந்த சாறு இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பு. புளிப்பைக் காட்டும் பி.ஹெச். எண் 5.2, 5.4 அளவில் இருக்கும். எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 6.2, 6.5க்குக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் புளிப்பிலேயே சர்க்கரை உடைந்து பாகு கட்டாது. கூடினால் வெல்லம் கறுத்து, கல்லாகி, தொண்டையில் காரும். கொட்டகையில் பி.ஹெச். தாள் தேட வேண்டாம். அவர்கள் அழுக்கு பிரியும் விதத்தைப் பார்க்கிறார்கள். அழுக்கு திரிந்த பால் போலத் துண்டு துண்டாகப் பிரிந்து, நடுவே சாறு தெளிந்து தெரிந்தால் போதும். ஒரு பாக்கெட் தாளை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணளவும் தாளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் இந்தத் தொழிலின் மேல் மரியாதை வரும்.

வெண்டைச்செடித் தண்டை இடித்து ஊறவைத்த கொழகொழப்பை ஊற்றி அழுக்கு எடுப்பது சமவெளியில் பல இடங்களில் உண்டு. நல்ல முறைதான். ஹைட்ரஸ் என்று சொல்லப்படும் வெளுப்பான் போடுவது வேறு கதை. அது வெல்லத்தை மஞ்சளாக, கண்ணுக்குப் பளிச்சென்று காட்டும். கொஞ்ச நாளில் அந்த மஞ்சளும் மங்கும். மறையூர் உருண்டை இருண்ட பழுப்புதான். அதை வெளுத்துக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அதன் மரியாதை.

அழுக்கு எடுத்து முடிந்ததும் தீயை முழுக்க ஏற்றலாம். இரண்டு மணி நேரம் போலப் பெரிதாக ஒன்றும் நடக்காது. பொங்கி வழியப் பார்த்தால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவார்கள், நுரை அடங்கிவிடும். இந்த இடைவெளியில் சாப்பிட்டுவிட்டு வரலாம், முனியறை பார்த்துவிட்டும் வரலாம். பெருங்கற்காலத்துக் கல் அறைகள் பாறை மேட்டில் நிற்கின்றன. பலகைக்கல் நாலு பக்கமும், மேலே ஒரு மூடுகல்லும். மேலே ஏறி நிற்காதீர்கள். சந்தனக் காடும் போகும் வழியில் வேலிக்குள் தெரியும். தெருவில் யாராவது சந்தனத் துண்டு நீட்டினால் நின்று பேசக்கூட வேண்டாம். அது சட்டத்தோடு விளையாட்டு.

திரும்பி வரும்போது கொப்பரையின் சத்தம் மாறியிருக்கும். முதலில் தண்ணீர்க் கொதி, சலசலவென்று. பாகு கனக்கக் கனக்கக் குமிழ் பெரிதாகி, மெதுவாக வெடித்து, 'புளக் புளக்' என்று கேட்கும். இப்போது தீயைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது. பதம் பார்க்கும் இடம் இதுதான். குவளைத் தண்ணீரில் பாகைக் கொஞ்சம் விட்டு விரலால் திரட்டினால், முதலில் கரையும், பிறகு நூலாகும், பிறகு மெழுகு மாதிரி உருளும், கடைசியில் உருட்டியதைக் கொப்பரை விளிம்பில் தட்டினால் 'டக்' என்று கேட்கும். மெழுகுக்கும் டக்குக்கும் நடுவே சில நிமிடம்தான். வெப்பமானி கொண்டு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புத்தகங்கள் கட்டி வெல்லத்துக்கு 116 முதல் 118 டிகிரி என்று சொல்வது சமவெளிக் கணக்கு. 1,000 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 97 டிகிரிக்குள் கொதித்துவிடும். எனவே இங்கே மூன்று டிகிரி குறைத்துப் படிக்க வேண்டும். 118 வரட்டும் என்று காத்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது கருகல்.

"அண்ணே, பதம் வந்துருச்சா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்த நேரத்தில் அவர் காது, கண், விரல் எல்லாம் பாகில். கேள்விகளைப் பாகு இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாகை இறக்கும் வழியில் மட்டும் நிற்காதீர்கள். கொதிநீர் பட்டால் வழிந்துவிடும், பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

மரத்தொட்டியில் ஊற்றியதும் நீளக் கைப்பிடி வைத்த பலகையால் கிளறத் தொடங்குவார்கள். கிளறல்தான் பாகை மணி மணியாகக் கட்டவைக்கிறது. குறைவாகக் கிளறினால் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் இளகல். அளவுக்கு மீறிக் கிளறினால் பொலபொலவென்று உதிர்ந்து நாட்டுச்சர்க்கரை ஆகிவிடும். அதுவும் விலைபோகும்தான், ஆனால் உருண்டை வராது. பாகு மினுமினுப்பு இழந்து, பலகையிலிருந்து ஒட்டாமல் விழும்போது உருட்ட உட்கார வேண்டும். அப்போதும் உள்ளே நல்ல சூடு இருக்கும். பழகிய உள்ளங்கை தாங்கும், உங்களுடையது தாங்காது. முதல் சில நிமிடத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, தொட்டியின் ஓரத்தில் ஆறிய பகுதியை எடுங்கள். ஈரக் கை வேண்டாம். சூடு பொறுக்காமல் தண்ணீரில் கை நனைத்துக்கொள்ளத் தோன்றும். அந்த ஈரம் உருண்டையின் தோலில் தங்கி, இரண்டு வாரத்தில் பூஞ்சை பூக்கும். அள்ளி, ஒரு தரம் இறுக்கி, இரண்டு தரம் திருப்பி வைத்துவிட வேண்டும். அழகு பார்த்து உருட்டிக்கொண்டே இருந்தால் கைக்குள்ளேயே இறுகி, வெடிப்பு விடும். மறையூர் உருண்டையின் மேல் விரல் பதிந்த வரிகள் தெரிவது இதனால்தான். அச்சில் வார்த்த மழமழப்பு அதற்குக் கிடையாது. நீங்கள் உருட்டியவை தனியாகவே தெரியும், ஒன்று எலுமிச்சை அளவில், ஒன்று தேங்காய் அளவில். அவற்றை நீங்களே விலைகொடுத்து வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

கடையில் வாங்கும்போது விரல் வரியை மட்டும் நம்ப வேண்டாம். வேறு ஊர் வெல்லத்தையும் கையால் உருட்டலாம். மறையூர்ப் பெயரில் வெளி வெல்லம் விற்பது நெடுநாள் குறை. ஒரு துண்டை வாயில் போட்டு அடக்குங்கள். கடைசியில் உப்புக்கரிப்பு வரக் கூடாது. உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலத்துக் கரும்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்தால் அடியில் மணல் தங்கக் கூடாது. உடைத்தால் உள்ளே மணி தெரிய வேண்டும், பசை இழுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, கொட்டகையிலேயே வாங்குவது மேல். கரும்பைக் கைவிட்டுப் பாக்குமரம் வைக்கிறவர்கள் கூடிவரும் ஊரில், கொட்டகை விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசம் கரும்புக்காரருக்குப் போய்ச் சேர்வது நல்லது.

மறுநாளை மேலே காந்தளூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் எலுமிச்சைப்புல்லிலிருந்து புல்தைலம் காய்ச்சும் அடுப்பு எங்காவது எரிந்தால் நிறுத்துங்கள். எலுமிச்சை வாசம் அரை கிலோமீட்டருக்கு முன்பே சொல்லிவிடும். முதுவர் பழங்குடியினரின் குடிகளுக்கு உள்ளே போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். கேட்காமல் நுழைவதும் படம் எடுப்பதும் கூடாது. சாலையோர அடுப்பிலேயே வேண்டிய அளவு பார்த்துக்கொள்ளலாம்.

தைலப்புல்லைத் தரையோடு அறுக்கக் கூடாது, கரும்புக்கு நேர் எதிர். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் விட்டு அறுத்தால்தான் தூர் மறுபடி தழையும். அறுத்ததை நிழலில் ஒரு நாள் வாடவிட்டால் தண்ணீர் குறைந்து, பீப்பாய்க்குள் கூடுதல் புல் கொள்ளும். பீப்பாயின் அடியில் தண்ணீர், மேலே சல்லடைத் தட்டு, அதன் மேல் புல். காலால் மிதித்து இறுக்கமாக அடைக்க வேண்டும். விருந்தாளிகளுக்கு இந்த வேலை பிடிக்கும். தளர்வாக அடைத்தால் நீராவி ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும், பாதிப் புல் பச்சையாகவே இருக்கும். மூடியின் இடுக்கைக் களிமண்ணால் அடைத்து, குழாயைக் குளிர்ந்த ஓடைத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருளாக விட்டு, மறுமுனையில் பாத்திரம். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும், வழித்தெடுக்கலாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் 100 கிலோ புல்லுக்கு 300 முதல் 500 கிராம் தைலம். தொட்டித் தண்ணீர் சூடேறிவிட்டால் வடிவது ஆவியோடு போய்விடும், வாசம் ஊர் முழுக்கப் பரவும், பாத்திரத்தில் குறையும். பீப்பாய்த் தண்ணீர் வற்றினால் புல் கருகித் தைலத்தில் தீய்ந்த வாடை ஏறும். வாங்கும் பாட்டிலின் அடியில் தண்ணீர் வட்டமாகத் தெரிந்தால் வேண்டாம். இருட்டான பாட்டிலில், கழுத்து வரை நிரப்பி வாங்குங்கள்.

காந்தளூர் மறையூரைவிட ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். அங்கே கரும்பைவிடக் காய்கறிதான். படிக்கட்டு போலத் தட்டு தட்டாகப் பூண்டு, கேரட், பீன்ஸ், உருளை. நடுநடுவே பிளம்ஸ், ஆப்பிள் தோட்டம். 2023இல் ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்குத் தந்த தங்க விருது பெற்ற ஊர்களில் இதுவும் ஒன்று. அதன் பிறகு கூட்டம் கூடிவிட்டது. பழத்தோட்டத்தில் நின்று படம் எடுப்பதை எல்லாரும் செய்கிறார்கள். நீங்கள் பூண்டுத் தட்டில் உட்கார்ந்து வேலை செய்ய இடம் கேளுங்கள்.

காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குத் தனிக் குறியீடு உண்டு, இரண்டையும் குழப்ப வேண்டாம். நடவு நாளில் போனால் பல் பிரிக்கும் வேலை கிடைக்கும். விதைப்பூண்டைக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்து, வெளிப்பக்கத்துப் பருத்த பற்களை விதைக்கும், நடுவிலுள்ள ஒல்லிப் பற்களைச் சமையலுக்கும் ஒதுக்க வேண்டும். தோல் உரியக் கூடாது. உரிந்தால் மண்ணில் அழுகும். பாத்தியில் வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், பல்லுக்குப் பல் 10, ஆழம் 3 முதல் 5. கூர்முனை மேலே. தலைகீழாக வைத்தாலும் முளைக்கும், ஆனால் முளை வளைந்து ஏறி, பூண்டு கோணலாகும். நான்கு மாதம் போல ஆகும். இலை மஞ்சளாகிச் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். அறுவடைக்கு முன் இரண்டு வாரம் மண் காயாவிட்டால் தோல் மெலிந்து பல் விரியும். அப்படி விரிந்தது மாதக்கணக்கில் நிற்காது. யூரியாவைக் கூடுதலாகப் போட்டாலும் அதே கதை. பல்லுக்குள்ளிருந்து இன்னொரு முளை கிளம்பி, பூண்டு கொத்தாகப் பிரிந்துவிடும்.

பிடுங்கும்போது தாளைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், பக்கத்தில் மண்ணை இளக்கிவிட்டு எடுங்கள். தாள் அறுந்தால் கட்டித் தொங்கவிட முடியாது. ஒரு வாரம், பத்து நாள் நிழலில் உலர்த்தி, தாளோடு கட்டுக்கட்டாகப் பிணைத்து, விதைக்கானதை அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். வீட்டுக்குள் அழைத்தால் மேலே பாருங்கள். புகையேறிக் கறுத்த கட்டுகள். புகை பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. "அக்கா, அந்தப் பழையதிலே கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்கலாம், ஆனால் அது அடுத்த விதைப்புக்கு வைத்தது. கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். விற்பனைப் பூண்டு தனியாக இருக்கும். தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் சரக்கும் அதுதான். அன்று பிடுங்கியதை விதைக்கென்று வாங்கி ஊருக்குப் போய் உடனே நட்டு, முளைக்கவில்லை என்று குறைபடாதீர்கள். அறுவடையான பூண்டு இரண்டு மூன்று மாதம் உறங்கும்.

இறங்கும்போது பை கட்டுவதில் ஒரு கவனம். வெல்லம் வாசத்தைப் பிடித்துக்கொள்ளும். புல்தைல பாட்டிலும் பூண்டுக் கட்டும் ஒரு பையில், வெல்லம் காகிதத்தில் சுற்றி வேறு பையில், வண்டியின் மறுபக்கம். கவனிக்காமல் ஒன்றாகப் போட்டால் பொங்கலில் பூண்டு வாசம் வரும். அடைத்த பிளாஸ்டிக் உறையில் வெல்லம் சூடாக இருக்கும்போதே போட்டால் உள்ளே வியர்த்து மேல்தோல் பிசுபிசுக்கும். முழுதாக ஆறிய உருண்டையை மட்டும் கட்டச் சொல்லுங்கள். அதற்கு ஓர் இரவு ஆகும். அதனால் வெல்லத்தை முதல் நாளே சொல்லிவைத்து, காந்தளூரிலிருந்து திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் முன் சின்னாற்றுப் பாலத்தைத் தாண்டிவிடுங்கள்.